அமெரிக்காவிலேயே தைத்து விற்கிற துணி பிராண்டுகள் எவை? நம்பி வாங்கலாமா?

கேட்டவர் நியூஜெர்சியில் இருக்கிறார். ஊருக்குப் போகும்போது வீட்டாருக்குத் துணி எடுத்துப் போக நினைக்கிறார். மாலில் எதைப் புரட்டினாலும் வியட்நாம், பங்களாதேஷ், ஹோண்டுராஸ், போதாக்குறைக்கு இந்தியா. கோயமுத்தூர்க்காரர் திருப்பூர் டி-ஷர்ட்டை அமெரிக்காவிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் சித்தப்பா சிரிப்பார் என்பது அவர் கவலை. "அமெரிக்காவிலேயே தைக்கிற பிராண்டுகள் நாலைந்து சொல்லுங்கள், விலை கூட இருந்தாலும் சரி" என்று எழுதியிருக்கிறார். பட்டியல் கேட்கிற கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன: லேபிளில் போட்டிருப்பதை எவ்வளவு தூரம் நம்புவது, கூடுதலாகக் கொடுக்கிற காசு எங்கே போகிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெறும் பட்டியல் இந்தத் தொழிலில் ஒரு சீசன் கூடத் தாங்காது.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் எடுத்து, முடித்து அனுப்பும் வரை பார்த்துக்கொள்கிற வேலை) இருந்து, அப்புறம் வட கரோலினாவில் துணி கொள்முதல் பக்கம் வந்தவன். பின்னலாடை எனக்குக் கைப்பழக்கம், ஜீன்ஸ் துணி ஓரளவு தெரியும். கோட்டு சூட்டு, லெதர் ஜாக்கெட் விஷயத்தில் உங்களைப் போல நானும் வாங்கிப் போடுகிறவன்தான், அதில் என் பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

முதலில் நிலவரம். அமெரிக்காவில் விற்கிற உடுப்பில் ஏறக்குறைய 97 சதவீதம் இறக்குமதி. 1960-களில் இது தலைகீழாக இருந்தது, கிட்டத்தட்ட எல்லாமே உள்ளூர்த் தையல். 1990-ல் கூட உடுப்புத் தொழிலில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள், இன்றைக்கு அது ஒரு லட்சத்துக்கும் கீழே. 1994-ல் நாஃப்டா என்ற வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்ததும் தையல் மெக்சிகோவுக்கு ஓடியது. எந்த நாடு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்று கட்டிவைத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்ததும் மிச்சமிருந்ததில் பெரும்பகுதி ஆசியாவுக்கு வந்தது. கோட்டாவுக்கு அலைந்த காலத்தைத் திருப்பூரில் பழைய ஆட்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள், அந்தப் பக்கம் கதவு திறந்தபோது இந்தப் பக்கம் கரோலினாவில் ஊர் ஊராக மில் மூடிக்கொண்டிருந்தது.

ஏன் போனது என்பதற்குப் பெரிய பொருளாதாரம் எல்லாம் வேண்டாம், நிமிடக் கணக்கு போதும். ஒரு சாதாரண டி-ஷர்ட்டைத் தைக்க ஆறு முதல் எட்டு நிமிட ஆள் வேலை, காலர் வைத்த முழுக்கைச் சட்டைக்கு இருபது நிமிடத்தை ஒட்டி வரும். இதற்கு வெட்டு, செக்கிங், அயனிங், பேக்கிங் எல்லாம் தனி. கலிபோர்னியாவில் ஒரு மணி நேரத்துக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, திருப்பூரில் ஒரு டெய்லர் ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்து வாங்குகிற கூலியைவிட அதிகம். நூற்பும் பின்னலும் நெசவும் மிஷின் பார்க்கிற வேலை, ஒரு ஆள் பல மிஷினைப் பார்த்துக்கொள்வார். அதனால்தான் கரோலினாக்களில் நூல் மில்கள் இன்னும் ஓடுகின்றன. தையல் அப்படி இல்லை. துணி வளையும், இழுபடும், சுருளும். அதைப் பிடித்து ஓவர்லாக் தையல் மிஷினில் ஊட்ட இன்னும் மனிதக் கைதான் வேண்டும். தைக்கிற ரோபோ வருகிறது என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, நேரான தையலுக்கு வந்திருக்கிறது, சட்டைக் கையை வைத்து மூட்டுவதற்கு வரவில்லை.

இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பொருள் இங்கே தாக்குப்பிடித்திருக்கிறது என்பதை யாரும் சொல்லாமலே ஊகிக்கலாம். மிஷின் வேலை அதிகம், கை வேலை குறைவு என்றால் பிழைக்கும். அதற்குச் சரியான உதாரணம் காலுறை. வெர்மான்ட்டில் நார்த்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் கேபட் ஹோசியரி என்ற மில் 1978-லிருந்து ஓடுகிறது, அவர்கள் 2004-ல் தொடங்கிய பிராண்டுதான் டார்ன் டஃப். மெரினோ கம்பளிக் காலுறை, ஜோடி 20 டாலருக்கு மேல், கிழிந்தால் ஆயுளுக்கும் மாற்றித் தருவதாக உத்தரவாதம். காலுறை மிஷினிலேயே முழு உருவத்தோடு வந்து விழுகிற சரக்கு, கடைசியில் விரல் பக்கம் மூடுகிற வேலைதான் பாக்கி. ஆள் கூலி அந்த விலையில் சின்னப் பங்கு. கம்பளி போர்வையும் அதே கதை. ஓரிகானின் பெண்டில்டன் கம்பெனிக்குப் பெண்டில்டனிலும் வாஷிங்டன் மாநிலத்து வாஷூகலிலும் சொந்த மில் இருக்கிறது, போர்வை அங்கேயே நெய்து அங்கேயே முடிகிறது. ஆனால் அதே பெண்டில்டனின் சட்டைகளை எடுத்துப் பாருங்கள், பலதும் வெளிநாட்டில் தைத்தவை, சிலவற்றில் துணி மட்டும் அவர்கள் மில்லில் நெய்தது. ஆக, ‘பெண்டில்டன் அமெரிக்கத் தயாரிப்பா?’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. ‘இந்தப் போர்வை அமெரிக்கத் தயாரிப்பா?’ என்றால் பதில் உண்டு. நீங்கள் பிராண்டைக் கேட்கிறீர்கள், நான் உருப்படியைக் கேளுங்கள் என்கிறேன். கார்ஹார்ட்டும் இப்படித்தான். 1889-லிருந்து இருக்கிற வேலையாள் உடுப்பு பிராண்ட், பெரும்பகுதி மெக்சிகோ உள்ளிட்ட வெளிநாடுகளில் தைப்பது, கொஞ்சம் மட்டும் இன்னும் அமெரிக்க ஆலைகளில். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் தொங்கும்.

சரி, உருப்படியை எப்படிச் சோதிப்பது? இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது, இந்தப் பகுதியை நான் உறுதியாகச் சொல்ல முடியும். சட்டை, டி-ஷர்ட் எதுவானாலும் கழுத்துக்குப் பின்னால் நடுவில் நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டும். ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று வேறு எதுவும் ஒட்டாமல் போட வேண்டுமானால் தையலும் அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும், துணியும் அமெரிக்காவில் நெய்ததாகவோ பின்னியதாகவோ இருக்க வேண்டும். இறக்குமதித் துணியை இங்கே தைத்திருந்தால் அதையும் சேர்த்து, இறக்குமதித் துணியில் அமெரிக்காவில் தைத்தது என்று எழுத வேண்டும். பஞ்சும் நூலும் எங்கிருந்து வந்தன என்று உடுப்புக்காரர் பார்க்க வேண்டியதில்லை, மத்தியச் சட்டப்படி ஒரு படி பின்னால் போனால் போதும். ஜிப், பொத்தான் கணக்கில் வராது. கலிபோர்னியா மாநிலச் சட்டம் முன்பு இதைவிடக் கறார், ஒரு பொத்தான் வெளியிலிருந்து வந்தாலும் வழக்குப் போடலாம் என்ற நிலை, அங்கே ஜீன்ஸ் கம்பெனிகள் கோர்ட்டுக்கு அலைந்த பிறகு 2016-லிருந்து கொஞ்சம் தளர்த்தினார்கள்.

ஆன்லைனில் வாங்கினால் இன்னும் சுலபம். துணி விற்கிற தளம் ஒவ்வொரு உருப்படிக்கும் அமெரிக்காவில் செய்ததா, இறக்குமதியா என்று சொல்லியாக வேண்டும். முகப்பில் கொடியும் கழுகும் பறக்கும், கீழே விவரத்தில் ஓரமாக ‘இம்போர்ட்டட்’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். அந்தச் சொல்லைத் தேடுங்கள். ‘டிசைன்ட் இன்’, ‘பிரின்டட் இன்’, ‘பேஸ்ட் இன்’ எல்லாம் தையலைப் பற்றி எதுவும் சொல்லாத வார்த்தைகள். டூரிஸ்ட் கடை டி-ஷர்ட் ஹோண்டுராஸில் தைத்து வந்து இங்கே சுதந்திர தேவி படம் அச்சடித்துக்கொண்டது, அச்சடித்ததால் நாடு மாறாது. லேபிளில் இருக்கும் ஆர்என் எண்ணை வைத்தும் பலர் ஏமாறுகிறார்கள். அது அமெரிக்கக் கம்பெனிக்கு அரசு கொடுக்கிற பதிவு எண், ஆலைக்கு அல்ல. திருப்பூரில் நாங்கள் வாஷ்கேர் லேபிளில் தினம் அடித்து அனுப்பியது அதே எண்தான். அந்த எண்ணை எஃப்டிசி (அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம்) தளத்தில் போட்டால் சரக்குக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியும், அவ்வளவுதான்.

லேபிளே பொய்யாக இருந்தால்? இருந்திருக்கிறது. 2022-ல் லயன்ஸ் நாட் ஷீப் என்ற டி-ஷர்ட் கம்பெனி, சீனா என்றிருந்த லேபிளைக் கிழித்துவிட்டு அமெரிக்கா என்று புது லேபிள் தைத்தது என்று எஃப்டிசி குற்றம் சாட்டி 2,11,335 டாலர் வசூலித்தது. தேசபக்தியை நெஞ்சில் அச்சடித்து விற்கிற பிராண்ட் அது என்பதுதான் வேடிக்கை. ஆனால் மாட்டியவர்கள் எத்தனை, மாட்டாதவர்கள் எத்தனை என்பதற்குக் கணக்கு கிடையாது. சொந்த ஆலையைக் காட்டுகிற, எந்த ஊரில் தைக்கிறோம் என்று பெயர் சொல்கிற கம்பெனியை நம்புவேன், ‘பெருமையுடன் அமெரிக்கன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறவரைச் சந்தேகப்படுவேன். இது சட்டம் இல்லை, என் தொழில் மூக்கு சொல்வது.

பின்னலாடையில் நான் பெயர் சொல்லக்கூடியது அமெரிக்கன் ஜயன்ட். பேயார்டு வின்த்ராப் என்பவர் 2012-வாக்கில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து விற்கத் தொடங்கினார். அந்த வருட டிசம்பரில் ஒரு இணையப் பத்திரிகை அவர்கள் ஹூடியை இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்று எழுத, மாதக்கணக்கில் ஆர்டர் தேங்கியது. கரோலினாப் பக்கத்துப் பஞ்சு, அங்கேயே நூல், தென் கரோலினா காஃப்னியில் சாயமும் ஃபினிஷிங்கும், வட கரோலினா மிடில்செக்ஸில் தையல் என்று சங்கிலி முழுவதும் கைக்கெட்டிய தூரத்தில். ஹூடி 100 டாலருக்கு மேல். துணி கனம், ரிப் (கை, இடுப்பு ஓரப் பட்டி) கெட்டி, தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2024-ல் இதே கம்பெனி வால்மார்ட்டுக்கு 12.98 டாலரில் அமெரிக்க டி-ஷர்ட் கொடுத்தது எனக்கு அந்த ஹூடியைவிடப் பெரிய செய்தி. முடியாது என்று எல்லோரும் சொன்ன விலை. முடிந்ததற்குக் காரணம், வால்மார்ட் பெரிய அளவில் தொடர்ந்து வாங்குவதாக உறுதி கொடுத்தது. ஆர்டர் நிலையாக இருந்தால் தையல் லைனை ஒரே ஸ்டைலில் ஓடவிடலாம், டெய்லர் கை வேகம் பிடிக்கும், மிஷினில் முதலீடு போடலாம். திருப்பூரில் எந்த ஓனரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார், ஆளுக்கு ஐந்நூறு பீஸ் ஆர்டர் வந்தால் யாராலும் விலை குறைக்க முடியாது.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கதை கொஞ்சம் கசப்பு. டவ் சார்னியின் அமெரிக்கன் அப்பேரல் அங்கே நகர் நடுவில் ஆயிரக்கணக்கான பேரை வைத்துத் தைத்தது. அது 2015-லும் 2016-லும் திவால் மனு கொடுத்து, 2017-ல் கில்டன் என்ற கனடா கம்பெனி பிராண்டையும் சில சொத்துகளையும் மட்டும் 8.8 கோடி டாலருக்கு வாங்கியது. தையல் பெரும்பாலும் மத்திய அமெரிக்காவுக்குப் போனது. கொஞ்ச நாள் அவர்கள் தளத்தில் ஒரே உடுப்பை அமெரிக்கத் தையல் ஒரு விலை, வெளிநாட்டுத் தையல் குறைந்த விலை என்று இரண்டாக வைத்து விற்றுப் பார்த்தார்கள். ஆக, ‘அமெரிக்கன்’ என்று பெயரிலேயே இருப்பது எதற்கும் சாட்சி இல்லை. சார்னி தனியாகத் தொடங்கிய லாஸ் ஏஞ்சலஸ் அப்பேரல் இன்றும் அங்கேயே தைக்கிறது, கனமான பருத்தி டி-ஷர்ட் அந்த விலைக்கு நல்ல சரக்கு. ஆனால் 2020 கோடையில் அந்த ஆலையில் 300-க்கும் மேற்பட்டோருக்குக் கோவிட் தொற்றி 4 பேர் இறந்து, கவுன்டி அதிகாரிகள் ஆலையை மூடினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஜீன்ஸ் என்றால் எல்லோரும் லீவைஸ் என்பார்கள். அவர்கள் டெக்சாஸ் சான் அன்டோனியோவில் இருந்த கடைசித் தையல் ஆலைகளை மூடுவதாக 2003-லேயே அறிவித்துவிட்டார்கள். துணி பக்கம் அதைவிடப் பெரிய இழப்பு: வட கரோலினா கிரீன்ஸ்பரோவில் 1905-லிருந்து ஓடிய கோன் மில்ஸின் ஒயிட் ஓக் ஆலை 2017 கடைசியில் மூடியது. லீவைஸுக்கு 1915-லிருந்து டெனிம் கொடுத்த கம்பெனி அது. இதனால் இன்றைக்கு அமெரிக்காவில் தைக்கிற விலை உயர்ந்த ஜீன்ஸ் பலவற்றில் துணி ஜப்பானில் நெய்தது, லேபிளில் அதை எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள். வேலைக்குப் போடுகிற ஜீன்ஸ், ஓவரால் வேண்டுமானால் ஓக்லஹோமா ஷானியில் 1903-லிருந்து தைக்கிற ரவுண்ட் ஹவுஸ், டென்னசி பிரிஸ்டலில் 1913-லிருந்து இருக்கிற எல்.சி. கிங்கின் பாயின்டர் இரண்டும் நேர்மையான சரக்கு. ஃபேஷன் எதிர்பார்க்காதீர்கள். சட்டைக்குப் பென்சில்வேனியா ஆஷ்லாண்டில் தைக்கிற கிட்மன் பிரதர்ஸ், 1883-லிருந்து ஹூஸ்டனில் இருக்கிற ஹாமில்டன், விலை சட்டைப்பையைக் கடிக்கும். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் சட்டை அமெரிக்கத் தையல் என்று இன்னும் நினைக்கிறவர்கள் உண்டு, அவர்கள் வட கரோலினா கார்லண்டில் இருந்த சட்டை ஆலையை 2020-ல் மூடிவிட்டார்கள். லெதர் ஜாக்கெட்டுக்கு ஷாட், 1928-ல் ஜிப் வைத்த முதல் மோட்டார்சைக்கிள் ஜாக்கெட்டைச் செய்தவர்கள், ஆலை உங்கள் நியூஜெர்சியில்தான், யூனியன் என்ற ஊரில்.

இனி காசு எங்கே போகிறது என்பது. அமெரிக்கத் தையல் என்றால் தொழிலாளிக்கு நல்ல கூலி என்று பலர் தானாக முடிவு செய்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. 2022-ல் தென் கலிபோர்னியாவில் தையல் காண்ட்ராக்டர்களைத் தொழிலாளர் துறை சோதித்தபோது 80 சதவீத இடங்களில் கூலிச் சட்ட மீறல், ஒரு இடத்தில் மணிக்கு 1.58 டாலர் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியிலிருந்து அந்த மாநிலத்தில் உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுக்கிற பீஸ் ரேட் கூலியே சட்டத்துக்கு எதிர். 1995-ல் எல் மான்ட்டே என்ற ஊரில் தாய்லாந்துத் தொழிலாளர்கள் 72 பேரைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்துத் தைக்கவிட்டதைக் கண்டுபிடித்தார்கள், அவர்கள் தைத்ததும் அமெரிக்கத் துணிதான். சைபான் தீவு அமெரிக்க ஆட்சிப் பகுதி என்பதால் அங்கே வெளிநாட்டு ஆட்களைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்து தைத்ததற்கும் அமெரிக்க லேபிள் போட்டார்கள். கோட்டா ஒழிந்ததும் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி 2009-ல் கடைசியும் போனது. ராணுவச் சீருடை விஷயமும் உண்டு: 1941-லிருந்து இருக்கிற பெர்ரி சட்டப்படி இழை முதல் தையல் வரை எல்லாமே அமெரிக்காவில் நடக்க வேண்டும், இங்கே மில்கள் உயிரோடு இருப்பதற்கு அது பெரிய காரணம். ஆனால் அதில் ஒரு பகுதியை மத்தியச் சிறைகளில் கைதிகள் தைக்கிறார்கள், மணிக்கு 23 சென்ட் முதல் 1.15 டாலர் வரை. சொந்த ஆலை வைத்திருக்கிற கம்பெனியைத் தேடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், ஜாப் ஒர்க்குக்கு வெளியே விட்ட இடத்தில்தான் இந்த மீறல்கள் அதிகம். நம் ஊர்ப் பவர்டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட்) பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

‘இறக்குமதிக்கு வரி போட்டால் தையல் திரும்பி வந்துவிடும்’ என்று சிலர் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதத்துக்கு ஏறியபோது திருப்பூரில் ஆர்டர் நின்றது, ஆனால் பையர்கள் வரி குறைவான வேறு நாட்டைத்தான் தேடினார்கள். அந்த வருடம் மே மாதம் டிரம்ப்பே டி-ஷர்ட்டும் ஷூவும் தைக்க ஆசைப்படவில்லை என்கிற மாதிரிப் பேசினார். நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் நான் சொல்வது வெறும் ஊகம்.

உங்கள் பயணப் பைக்கு வருவோம். சித்தப்பாவுக்குக் கனத்த ஹூடி வேண்டாம், கோயமுத்தூர் வெயிலுக்கு அது பெட்டியில்தான் தூங்கும். காலுறை நாலைந்து ஜோடி வாங்குங்கள், எடை குறைவு, அளவுத் தகராறு வராது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் யாராவது இருந்தால் பெண்டில்டன் போர்வை ஒன்று, விலை நூற்றுக்கணக்கில் போகும் என்பதால் வீட்டுக்கு ஒன்று போதும். டி-ஷர்ட்தான் வேண்டுமென்றால் வால்மார்ட்டில் அந்த அமெரிக்கன் ஜயன்ட் சரக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள், பக்கத்து ஹேங்கரில் இறக்குமதி இருக்கும், கழுத்து லேபிளைத் திருப்பிப் பார்த்து எடுங்கள். ஸ்விம் சூட், உள்ளாடை, குழந்தைத் துணியில் அமெரிக்கத் தையல் தேடி நேரத்தை விரயமாக்க வேண்டாம். இன்னொரு வழி, உங்களுக்கென்று வாங்கினால்: பழைய துணி விற்கிற த்ரிஃப்ட் கடை. பெண்கள் உடுப்பில் ஐஎல்ஜிடபிள்யூயு என்ற தொழிற்சங்க லேபிள் தைத்திருந்தால் அது 1995-க்கு முந்தைய அமெரிக்கத் தையல், ஏனென்றால் அந்தச் சங்கம் அந்த வருடம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. பத்து டாலருக்குள் முடியும், ஆனால் அக்குள் தையலையும் ஜிப்பையும் கடையிலேயே இழுத்துப் பார்த்து வாங்குங்கள், பல கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.